மூவாயிரம் கடிதங்களும் ஒரு சுற்றுமடலும்

1965-ல் பேட்ரிக் குரோலி, பாட்ரிசியா குரோலி என்ற தம்பதி சிகாகோவிலிருந்து ரோமுக்குப் போனார்கள். (பாட்ரிசியாவை எல்லோரும் பாட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். தமிழில் அப்படி எழுதினால் வேறு மாதிரி ஆகிவிடும் என்பதால் முழுப்பெயரையே வைத்துக்கொள்கிறேன்.) கிறிஸ்தவக் குடும்ப இயக்கம் என்ற ஒன்றை நடத்திவந்தவர்கள். போப் நியமித்த குழுவில் உறுப்பினர்கள். கத்தோலிக்கத் தம்பதிகள் கருத்தடை செய்துகொள்ளலாமா கூடாதா என்று ஆராய்வது குழுவின் வேலை. கூட்டம் நடந்த ஸ்பானியக் கல்லூரியில் பேட்ரிக்குக்கு அறை கொடுத்தார்கள். பாட்ரிசியாவுக்கு அங்கிருந்து ஒரு மைல் தள்ளி ஒரு கன்னியர் மடத்தில் இடம்.

தாம்பத்தியம் பற்றி வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, ராத்திரி ஆளுக்கொரு கட்டிடத்தில் படுக்கவைத்திருக்கிறார்கள். முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன்.

நான் கத்தோலிக்கன் இல்லை. பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்தேன், அவ்வளவுதான் உறவு. ஆனால் இந்த விவகாரத்தைச் சில வருடங்களாக விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம், இதற்குள் இருக்கும் கேள்வி மதத்தோடு நின்றுவிடுவது இல்லை. விதியை எழுதுகிறவர் ஒருவர், அதைத் தன் உடம்பில் சுமக்கிறவர் இன்னொருவர் என்றால், சுமக்கிறவர் சொல்லும் சொல்லுக்கு என்ன எடை? பாரம் தெரிகிறது என்பதாலேயே அவர் சொல்வது சரியாகிவிடுமா? அல்லது பாரம் தெரிவதால்தான் அவர் பேச்சை நம்பக்கூடாதா?

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930 வரை ஏறக்குறைய எல்லாக் கிறிஸ்தவச் சபைகளும் கருத்தடையைப் பாவம் என்றே சொல்லிவந்தன. அந்த வருடம் ஆகஸ்ட்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் லாம்பெத் மாநாட்டில் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். டிசம்பர் 31-ம் தேதி பதினொன்றாம் பயஸ் ‘காஸ்தி கன்னூபி’ என்ற சுற்றுமடலில் அதே கதவைச் சாத்தினார். 1951-ல் பன்னிரண்டாம் பயஸ், தகுந்த காரணம் இருந்தால் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களில் விலகியிருக்கலாம் என்று அனுமதித்தார். 1960-ல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரை வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ராக், தினமும் பூசைக்குப் போகும் கத்தோலிக்க டாக்டர். மாத்திரையில் இருப்பது உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோனைப் போன்றதுதான், அது பாதுகாப்பான நாட்களைக் கொஞ்சம் நீட்டிக்கிறது, திருச்சபை ஏற்கெனவே அனுமதித்ததற்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்று வாதாடி 1963-ல் புத்தகமே எழுதினார். அதே வருடம் இருபத்திமூன்றாம் யோவான் ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தார். அவருக்குப் பின் வந்த ஆறாம் பவுல் குழுவைப் பெரிதாக்கினார், கடைசியில் எழுபது பேருக்கு மேல். அப்போது நடந்துகொண்டிருந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலிருந்து இந்தத் தலைப்பை மட்டும் எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

குரோலி தம்பதி வெறுங்கையோடு போகவில்லை. தங்கள் இயக்கத்தின் மூலம் பல நாடுகளில் இருந்த கத்தோலிக்கத் தம்பதிகளிடம் கேள்வித்தாள் அனுப்பி, ஏறத்தாழ மூவாயிரம் பேரின் பதில்களைத் திரட்டினார்கள். இவர்கள் திருச்சபையைத் திட்டுகிற ஆட்கள் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள், நாலைந்து பிள்ளைகள் பெற்றவர்கள், சொன்னபடி நாள்காட்டி முறையைக் கடைப்பிடித்தவர்கள். அவர்கள்தான் இது எங்களைச் சிதைக்கிறது என்று எழுதினார்கள்.

நாள்காட்டி முறை என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவே கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன், இஞ்சினியர் புத்தி. ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் தனித்தனியே கண்டுபிடித்ததிலிருந்து வந்தது. பல மாதங்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியைக் குறித்துவைக்க வேண்டும். மிகக் குறுகிய சுழற்சியில் 18-ஐக் கழித்தால் ஆபத்தான முதல் நாள், மிக நீண்டதில் 11-ஐக் கழித்தால் கடைசி நாள். ஒரு பெண்ணுக்கு 26-லிருந்து 32 நாள் வரை மாறுகிறது என்றால், எட்டாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள் வரை விலகியிருக்க வேண்டும். பதினான்கு நாட்கள். 24-லிருந்து 36 வரை என்றால் ஆறாம் நாளிலிருந்து இருபத்தைந்து வரை, இருபது நாட்கள். பிள்ளை பெற்று பால் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்குச் சுழற்சி எப்போது திரும்பும் என்றே சொல்ல முடியாது. அவளுக்கு எதிலிருந்து எதைக் கழிப்பது? உடம்பு சீராக இயங்குகிற பெண்ணுக்கு இந்த விதி லேசானது, இயங்காதவளுக்குப் பயங்கரமானது. இருவருக்கும் விதி ஒன்றே. பிள்ளைப்பேறே உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னவளுக்கும் அதேதான்.

குழுவில் இருந்த இறையியலாளர்கள் வாக்களித்தபோது பதினைந்து பேர் மாற்றம் வேண்டும் என்றார்கள், நான்கு பேர் கூடாது என்றார்கள். கருத்தடை தன்னளவிலேயே தீமையா என்று கேட்கப்பட்டபோது ஆயர்களிலும் கர்தினால்களிலும் ஒன்பது பேர் இல்லை என்றார்கள், மூன்று பேர் ஆம், மூன்று பேர் வாக்களிக்கவில்லை. பிற்காலத்தில் இரண்டாம் ஜான் பால் ஆன கரோல் வொய்த்திவாவும் உறுப்பினர்தான். ஆனால் போலந்து அரசு தன் கர்தினாலுக்குக் கடவுச்சீட்டு மறுத்ததால் அவருக்கு ஆதரவாகத் தானும் ஊரிலேயே இருந்துவிட்டார். பெரும்பான்மையின் வாதம் எளிமையானது. திருமணம் பிள்ளைகளை வரவேற்க வேண்டும், சரி. ஆனால் அது முழுத் திருமண வாழ்வுக்கான கடமை, ஒவ்வொரு தனி உறவுக்குமானது என்று ஏன் சொல்ல வேண்டும்?

எனக்குச் சிறுபான்மையின் வாதம்தான் அதிக சுவாரசியம். அமெரிக்க ஏசுசபை இறையியலாளர் ஜான் ஃபோர்டு தரப்பு சொன்னது இது: நாம் இப்போது மாற்றினால், 1930-ல் பரிசுத்த ஆவி ஆங்கிலிக்கன்களோடு இருந்தது, நம்மோடு இல்லை என்று ஒப்புக்கொள்வதாக ஆகும். மென்பொருள்காரர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. பேக்வர்டு கம்பாட்டிபிலிட்டி. பழைய பதிப்பை நம்பி ஏற்கெனவே லட்சக்கணக்கானவர்கள் கட்டிவிட்டார்கள், இப்போது மாற்றினால் எல்லாம் உடையும். இது முட்டாள்தனமான வாதம் அல்ல. விதியைக் கடைப்பிடித்து வாழ்க்கையையே கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி அதில் இருக்கிறது. மார்சலினோ சல்பா என்ற ஸ்பானிய ஏசுசபைப் பாதிரியார் குழுவில் இதையே இன்னும் நேராகக் கேட்டார்: இந்த விதி செல்லாது என்றால், இதை மீறியதற்காக நாம் நரகத்துக்கு அனுப்பிய லட்சக்கணக்கானவர்களின் கதி என்ன? பாட்ரிசியா குரோலி அவரிடம் திருப்பிக் கேட்டதாக ஒரு பதில் பதிவாகியிருக்கிறது. கடவுள் உங்கள் உத்தரவுகளை எல்லாம் நிறைவேற்றிவிட்டார் என்று உண்மையாகவே நம்புகிறீர்களா, ஃபாதர்?

இந்தக் கேள்விக்கு இறையியலில் பதில் இருக்கலாம். நான் இதுவரை பார்க்கவில்லை.

போப் இரண்டு வருடம் காத்திருந்தார். நடுவில், 1967 ஏப்ரலில், குழுவின் அறிக்கை பத்திரிகைகளில் கசிந்தது. 1968 ஜூலை 25 தேதியிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடல் சில நாள் கழித்து வெளியானது. ஒவ்வொரு தாம்பத்திய உறவும் உயிருக்குத் திறந்தே இருக்க வேண்டும். பழைய நிலையே தொடரும். வெளியீட்டுக் கூட்டத்தில் அதை அறிமுகப்படுத்திய மொன்சிஞ்ஞோர் லாம்ப்ருஸ்கினியே இது தவறா வரம் கொண்ட போதனை அல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே வாஷிங்டனில் சார்லஸ் கரன் தலைமையில் இறையியலாளர்கள் எதிர்ப்பு அறிக்கை வெளியிட்டார்கள், பின்னர் அதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். செப்டம்பரில் கனடா ஆயர்கள் வின்னிபெக்கில் கூடி, நேர்மையாக முயன்றும் ஏற்க முடியாமல் தனக்குச் சரியென்று படுவதைத் தேர்ந்தெடுப்பவர் நல்ல மனசாட்சியோடுதான் செய்கிறார் என்றார்கள். ஆறாம் பவுல் அதற்குப் பிறகு பத்து வருடம் பதவியில் இருந்தார். இன்னொரு சுற்றுமடல் எழுதவில்லை.

இதை முற்போக்கான மக்களுக்கும் பழமைவாதக் கிழவர்களுக்கும் நடந்த சண்டையாகச் சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் எலிசபெத் ஆன்ஸ்கம் என்று ஒரு பெண்மணி இருக்கிறார். விட்கன்ஸ்டைனின் மாணவி, 20-ம் நூற்றாண்டின் கூர்மையான தத்துவவாதிகளில் ஒருவர், ஏழு பிள்ளைகளின் தாய். துறவி அல்ல, பாரம் தெரியாதவரும் அல்ல. அவர் போப் பக்கம் நின்றார். அவர் வாதத்தை என் உதாரணத்தில் சொல்கிறேன். கடன் கேட்டு ஒருவர் வரப்போகிறார். அவர் வரும் நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருப்பது ஒன்று. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் பணமே இல்லை என்று பொய் சொல்வது இன்னொன்று. இரண்டிலும் இலக்கு ஒன்றுதான், கடன் கொடுக்கக் கூடாது. ஆனாலும் செயல்கள் வேறு. நாள் பார்த்து விலகியிருப்பவர்கள் எந்தச் செயலையும் மாற்றவில்லை, கருத்தடை செய்பவர்கள் செயலையே வேறொன்றாக ஆக்கிவிடுகிறார்கள் என்கிறார்.

ரெண்டும் ஒண்ணுதானே என்று கேலி செய்பவர்களுக்கு இது நல்ல பதில். வேறுபாடு இருக்கிறது, நான் ஏற்கிறேன். ஆனால் வேறுபாடு இருக்கிறது என்பதிலிருந்து அதில் ஒரு பக்கம் சாவான பாவம் என்பதற்கு எப்படிப் போவது? என் உதாரணத்தில் பொய் தவறு என்று நமக்கு முன்பே தெரியும். இங்கே தவறு எது என்பதுதான் கேள்வியே. ஏழு பிள்ளைகள் பெற்று, நல்ல உடல்நலத்தோடு, ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் எடுத்த ஒரு பெண்ணால் அந்த விதியைச் சுமக்க முடிந்தது என்பது, மற்றவர்களும் சுமக்க வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. அவர் அப்படிச் சொல்லவுமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சுற்றுமடலின் பதினேழாம் பத்தியை இந்தியர்கள் யாரும் லேசாகத் தாண்ட முடியாது. கருத்தடையை ஒரு தீர்வாக ஏற்றுக்கொண்டால், நாளை அரசுகள் அதை எல்லார் மேலும் திணிப்பதை யார் தடுப்பது என்று அங்கே ஆறாம் பவுல் கேட்கிறார். எட்டு வருடத்தில் நம் ஊரில் அது நடந்தது. நெருக்கடி நிலையின்போது 1976-77-ல் மட்டும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள். இலக்கு வைத்து, சம்பளத்தை நிறுத்தி, ஆட்களைப் பிடித்து. இந்த ஒரு இடத்தில் போப் தீர்க்கதரிசி என்று அவர் ஆதரவாளர்கள் சொல்லும்போது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் அந்த முகாம்களுக்கு இழுத்துவரப்பட்டவர்களிடம் நடந்தது என்ன? பிள்ளை வேண்டுமா என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை, கையில் பட்டியல் வைத்திருந்த இன்னொருவர் தீர்மானித்தார். போப் சரியாகப் பயந்தார், ஆனால் தப்பான இடத்தில் பூட்டைப் போட்டார். அரசின் கையிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுவது அவளுடைய தீர்மானம்தான். சுற்றுமடல் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

சரி, அப்படியானால் பெரும்பான்மை மக்கள் ஏற்காத போதனை செல்லாதது என்று சொல்லிவிடலாமா? கத்தோலிக்க மரபில் இதற்கு இடமில்லாமல் இல்லை. நம்பிக்கையாளர்கள் அனைவரும் சேர்ந்து நம்பிக்கையில் தவற முடியாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1964-ல் எழுதிவைத்தது. அதற்கு நூறு வருடம் முன்பு, 1859-ல், ஜான் ஹென்றி நியூமன் ஒரு கட்டுரை எழுதினார். நான்காம் நூற்றாண்டில் ஆரியுஸின் போதனை பரவியபோது ஆயர்களில் பலர் தடுமாறினார்கள், சாதாரண மக்கள்தான் நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள் என்று. அதற்காக அவர்மேல் ரோமுக்குப் புகார் போனது. 2019-ல் புனிதர் பட்டமும் கொடுத்தார்கள். ரோம் நிதானமான அலுவலகம்.

ஆனால் தலைகளை எண்ணி உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்றால் நான் வடக்கன்குளத்தை நினைத்துக்கொள்வேன். திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் அந்தக் கத்தோலிக்கக் கோயில், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு கால்கள் போலப் பிரிந்து பீடத்தில் சேருகிற மாதிரி கட்டப்பட்டது. ஒரு பக்கம் வெள்ளாளர்களும் முதலியார்களும், இன்னொரு பக்கம் நாடார்கள். நடுவில் தடுப்பு. 1910 வாக்கில் ஏசுசபையினர் தடுப்பை எடுத்தபோது மேல்சாதிப் பொதுநிலையினர் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அங்கேயும் பக்தியுள்ள மக்கள், தலைமுறை தலைமுறையாக நம்பியது, தலைமைக்கு எதிராக மனசாட்சி என்று சொல்லிக்கொண்டது, எல்லாம் இருந்தது. தலைமை சொன்னதுதான் சரி. (அந்தத் தடுப்பை முதலில் அனுமதித்ததும் அதே தலைமைதான், அது தனிக்கதை.)

இந்த இரண்டு எதிர்ப்புகளுக்கும் நடுவே கோடு எங்கே? எனக்குத் தோன்றுவது இதுதான். வடக்கன்குளத்தில் வழக்குப் போட்டவர்கள் அந்த விதியின் விலையைக் கொடுத்தவர்கள் இல்லை. விலை கொடுத்தவர்கள் அடுத்த பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். குரோலிக்குக் கடிதம் எழுதிய பெண்கள் விலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். பொதுநிலையினர், தலைமை என்று பிரிப்பதைவிட, இந்த விதியால் யாருக்கு வலிக்கிறது என்று கேட்பது உபயோகமானது. இதிலும் ஓட்டை உண்டு, தெரியும். வலிக்கிறது என்பதாலேயே ஒரு கடமை பொய்யாகிவிடாது, கடன்காரனுக்கும் கடனைத் திருப்பிக் கொடுப்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவனுடைய வலிக்கு எதிரே பணம் கொடுத்தவர் ஒருவர் நிற்கிறார். நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு எதிரே யார் நிற்கிறார்? இன்னும் கருவாகவே ஆகாத ஒன்றுக்கு உரிமை உண்டு என்று சுற்றுமடலும் சொல்லவில்லை. செயலின் அமைப்பு நிற்கிறது, இயற்கை விதி நிற்கிறது. அவற்றுக்கு வலிக்காது.

2017-ல் ஒரு வங்கி மென்பொருள் வேலைக்காக ஏழு மாதம் மணிலாவில், மக்காத்தியில் இருந்தேன். அங்கே கிரீன்பெல்ட் மாலுக்கு நடுவிலேயே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் டீமில் டெஸ்டிங் பார்த்த பெண் அங்கே போய்ப் பூசை கண்டுவிட்டு வருவார். இரண்டு பிள்ளைகள். ஒருநாள் பேச்சுவாக்கில், மாத்திரை சாப்பிடுகிறேன், தலைவலி வருகிறது என்றார். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன், பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வீர்களா? அவர் சிரித்தார். "ஃபாதர் கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

திருச்சபைக்கு இது பழகிய ஏற்பாடு. வட்டி வாங்குவதைப் பல நூற்றாண்டுகள் பாவம் என்று சொன்னார்கள், 1745-ல்கூட பதினான்காம் பெனடிக்ட் அதைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். 19-ம் நூற்றாண்டில், சட்டம் அனுமதித்த வட்டியை வாங்குகிறவர்களைப் பாவசங்கீர்த்தனத்தில் தொந்தரவு செய்யவேண்டாம் என்று குருக்களுக்கு ரோம் பதில் அனுப்பியது. போதனையைத் திரும்பப் பெறவில்லை, கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். இன்று வத்திக்கானுக்கே வங்கி இருக்கிறது. வட்டியின் வரலாற்றையும் கருத்தடையின் வரலாற்றையும் தனித்தனிப் புத்தகங்களாக எழுதிய ஜான் நூனன் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஒன்றில் நடந்தது இன்னொன்றிலும் நடக்கலாம் என்று அவர் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

இந்த மௌன ஒப்பந்தம் போதுமே, அறுபது வருடம் ஓடிவிட்டதே என்று தோன்றலாம். என் சக ஊழியருக்குப் போதும். அலுவலகக் கட்டிடத்தின் தரைத்தளத்திலேயே மருந்துக்கடை, கையில் சம்பளம். ஆனால் அதே மாநகரத்தின் இன்னொரு பகுதியில், மணிலா நகராட்சியில், 2000-ம் ஆண்டு மேயர் லித்தோ ஆட்டியென்சா ஓர் உத்தரவு போட்டார். நகரத்தின் சுகாதார நிலையங்கள் இயற்கை முறையை ஆதரிக்கும், செயற்கைக் கருத்தடையை ஊக்குவிக்காது. நடைமுறையில் மாத்திரையும் ஆணுறையும் அங்கே கிடைக்காமல் போயின. சுவரொட்டி ஒட்டிய போதனை அல்ல இது, மூடிய அலமாரி. காசு உள்ளவர்கள் தெரு தாண்டி வாங்கிக்கொண்டார்கள். இலவச மருந்தை நம்பியிருந்தவர்களுக்குத் தெரு தாண்டியும் ஒன்றுமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்காமல் விடுகிற கருணை அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

நாடு முழுவதற்குமான இனப்பெருக்க நலச் சட்டம் 2012 டிசம்பரில்தான் வந்தது. ஆயர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள். மணிலாவின் ஏசுசபைப் பல்கலைக்கழகமான அத்தனேயோவின் ஆசிரியர்கள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஆதரித்தார்கள், கத்தோலிக்கர்களாகவே. 2013 தேர்தலில் பக்கோலோத் மறைமாவட்டப் பேராலயத்தின் முன்னால் பெரிய பதாகை தொங்கியது: சட்டத்தை எதிர்த்த வேட்பாளர்கள் வாழ்வின் அணி, ஆதரித்தவர்கள் சாவின் அணி. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை வெட்டிவிட்டுச் சட்டம் செல்லும் என்றது. 2015 ஜனவரியில் பிலிப்பீன்ஸ் போய்விட்டு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்த போப் பிரான்சிஸ், நல்ல கத்தோலிக்கனாக இருக்க முயல்கள் மாதிரி பெற்றுத்தள்ள வேண்டும் என்று யார் சொன்னது என்றார். அதே பயணத்தில் ஆறாம் பவுலைப் பாராட்டவும் செய்தார்.

மணிலா உத்தரவை எதிர்த்து 2008-ல் இருபது பேர் வழக்குப் போட்டார்கள். நகரத்தின் ஏழைப் பகுதிகளில் வாழ்ந்த பெண்கள், அவர்களில் சிலருடைய கணவர்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் மனுவின் நடைமுறைக் குறைகளைக் காட்டித் தள்ளுபடி செய்தது. அவர்கள் சொல்லவந்தது என்ன என்ற விசாரணைக்குள் அது போகவே இல்லை.